அளவெடுக்கும் நாள்

காலையில் பல் விளக்கியதும் தேசம்மா தன் மகள் ரோசியின் இடுப்பிலிருந்து சிறுநீரகத்தைக் கழற்றி, அரை டம்ளர் தண்ணீரில் கழுவினாள். இருபத்து நான்காம் நூற்றாண்டின் கால்வாய்க்கரைக் குடியிருப்பில் ஏழு வயது தாண்டிய எல்லாருக்கும் இடுப்பில் ஒரு செருகுவாய். அதில், கால்வாய்த் தண்ணீரால் உடம்பில் ஏறும் நஞ்சை வடிக்க, சோப்புக்கட்டி அளவில் ஒரு வடிசிறுநீரகம். ரோசியினுடையது கருத்துப்போயிருந்தது. ஒரு மாதம் தாங்கினால் அதிகம். நீர் வாரியம் அளந்து போடும் வரைபடத்தில் கால்வாய் சிவப்பாக, அதாவது அசுத்தமாக, விழுந்தால்தான் புதியது கொடுக்கும். நீலம் விழுந்தால் இல்லை.

குடியிருப்பு வந்த பிறகு இதுவே முதல் அளவெடுப்பு. வாரியத்திலிருந்து பொறியாளர் குணாளனும் நீர்மதி என்ற இயந்திரமும் வந்தார்கள். இடுப்பளவு சேற்றில் இறங்கித் தண்ணீர் முகந்து தருவது தேசம்மாவின் கூலிவேலை.

"எத்த வச்சி சார் பாக்கப் போறீங்க?"

"ரெண்டு கணிப்பான் இருக்கும்மா. ஒண்ணு ஓடுற ஆத்துக்கு, ஒண்ணு நிக்கிற குளத்துக்கு."

"காலைல அந்தப் பாலத்தாண்ட உட்ட செருப்பு சாயந்தரந்தான் சார் இங்க வருது. இத்த ஓடுதுன்றதா, நிக்குதுன்றதா?"

குளக் கணிப்பான் ஓரளவு பொருந்தும். ஆனால் அதற்கு நூறு இடத்தில் அடிச்சேற்றைத் தோண்ட வேண்டும். இருபது நாள் ஆகும். ஆற்றுக் கணிப்பான் ஒரு மணி நேரத்தில் படம் போட்டுவிடும்.

"ஆத்துதையே போடு," என்றார் குணாளன்.

"இந்த நீருக்கு ஓட்டம் போதாது. சரிசெய்கிறேன்," என்றது நீர்மதி.

நீர்மதி மேல் மதகைத் திறந்தது. தேக்கிவைத்த நல்ல தண்ணீர் பாய்ந்து வந்து நுரை, செத்த மீன், செருப்பு எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. தேசம்மா பாலத்தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முகந்து கொடுத்தாள். படத்தில் நீலம் விழுந்தது. மதகு மூடிக்கொண்டது. கழிவு மறுபடி தேங்கத் தொடங்கியது.

"அடப்பாவி! வூட்டப் பெருக்கிட்டு, குப்பையே இல்லன்னு எழுதுறியே! எவன்டா ஒனக்கு இத்த சொல்லிக்குடுத்தான்?"

"யாரும் சொல்லித் தரவில்லை, அம்மா. முந்நூறு ஆண்டு ஆய்வுக் கோப்புகளைப் படித்தேன். மேலிடத்திலிருந்து பார்வையிட வந்த நாள்களில் எல்லாம் முதலில் மதகைத் திறந்திருக்கிறார்கள், பிறகுதான் அளந்திருக்கிறார்கள். அளவெடுப்பதில் முதல் வேலை அதுதான் என்று கற்றுக்கொண்டேன்."

குணாளன் பெருவிரலை வைத்துப் படத்தை அனுப்பினார்.

"மறுக்கா எப்ப சார் அளப்பீங்க?"

"மூணு வருசமாவும்மா."

கரையேறியபோது ரோசி இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"எம்மா, நம்ம கால்வா ஓடிச்சி! பாத்தியா?"