கீறல் விழாத குவியல்

இரவெல்லாம் கொட்டிய மழையில் மற்ற மண் குவியல்கள் எல்லாம் வாய்க்கால் வாய்க்காலாக அறுபட்டு நிற்க, கடைசிக் குவியலில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை.

வித்யாலட்சுமி பயப்படவில்லை, சந்தோஷப்பட்டாள். எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, கல்லை அரைத்து மணலாக்கும் அந்த யார்டில், மண் கரையாமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. குவாரிக்காக வழித்தெடுத்த மேல்மண்ணை, பிற்பாடு பள்ளத்தை மூட உதவும் என்று குவித்து, வேர் பிடிக்கட்டுமென்று கொள்ளு விதைத்திருந்தார்கள். மறுநாள் இன்ஸ்பெக்‌ஷன். விடுவாளா? அந்தக் குவியலைப் போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டாள். பாராட்டுகள் வந்து விழுந்தன. ஒரு கொள்ளுகூட முளைக்காத மண் எப்படி நின்றது என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

“யாரோ கையால தட்டி வெச்ச மாதிரி இருக்கு மேடம்,” என்றார் வாட்ச்மேன் பெருமாள்சாமி. “நமக்கு வேலை மிச்சம்.”

குவியலின் அடியில், சரிந்து வரும் சேற்றைத் தடுக்கப் பச்சை வலை கட்டியிருந்தது. வலை விழவில்லை, கிழியவில்லை. ஆனால் வலைக்கு இந்தப் பக்கமும் சேறு இருந்தது. அதைச் சரிபார்த்துவிட்டு வருவதாக மத்தியானம் போன பெருமாள்சாமி திரும்பி வரவில்லை. டீக்கடையில் கதை பேச உட்கார்ந்துவிட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் மறுபடி மழை பிடித்தது. மெஷினை நிறுத்திவிட்டு ஆட்கள் டெம்போவில் கிளம்பினார்கள். கணவன் ஹரிஷ்குமார் ஆபீஸ் முடிந்து பைக்கில் வந்து அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்ததால் அவள் மட்டும் கன்டெய்னர் ஆபீஸில் தங்கினாள். கரன்ட் போனது. தகரக் கூரையில் மழை இரைந்தது, ஈரமண்ணும் பழைய டீசலும் கலந்த வாடை கதவிடுக்கில் நுழைந்தது, அந்த இரைச்சலுக்கு அடியில், சுவரில் வறட்டி தட்டுவதைப் போல, நிதானமாக, ஓய்வில்லாமல் ஒரு சத்தம் கேட்டது.

தப். தப்.

பெருமாள்சாமிதான் ஏதோ செய்கிறார் என்று எழுந்து கதவைத் தள்ளினாள். வெளிப்பக்கம் திறக்கும் கதவு. அசையவில்லை. தோளைக் கொடுத்து முட்டியும் அசையவில்லை. கம்பி போட்ட ஜன்னலில் பார்த்தாள். யார்டின் மழைநீர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த அந்தக் கடைசிக் குவியல் அங்கே இல்லை. ஜன்னலின் பாதி உயரம் வரை மண் ஏறியிருந்தது. வழவழவென்று, ஒரு கீறலில்லாமல்.

பதறிப்போய் ஹரிஷுக்கு போன் செய்தாள்.

“கதவு திறக்க மாட்டேங்குது ஹரிஷ். வெளிய மண்ணு அடைச்சிருக்கு. வாட்ச்மேன் ஷெட்ல மம்பட்டி இருக்கும், எடுத்துக்கிட்டு வா.”

“டோல் தாண்டிட்டேன். பயப்படாத, வந்துடறேன்.”

போனில் அவன் கைக்காப்பு ஹெல்மெட்டில் மோதும் சத்தம் கேட்டது. அவன் அம்மா போட்டுவிட்ட செப்புக்காப்பு அது, எதைத் தொட்டாலும் ‘டிங்’ என்னும். மாட்டுக்கு மணி கட்டின மாதிரி என்று கேலி செய்வாள். இப்போது அந்தச் சத்தம் அவளுக்குத் தெம்பாக இருந்தது.

போன் டார்ச்சை ஜன்னலில் அடித்தாள். கண்ணாடி நெடுக உள்ளங்கைத் தடங்கள். மண் இன்னும் உயர்ந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண்ணுக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. மணிக்கட்டில் காக்கிச் சட்டையின் கிழிந்த விளிம்பு. ஒரு பிடி சேற்றைக் கண்ணாடியில் அப்பியது. தட்டியது. தடவி வழவழப்பாக்கியது. மண்ணுக்குள் திரும்பிப் போனது.

பெருமாள்சாமி டீ குடிக்கப் போகவில்லை.

ஹரிஷ் வரக்கூடாது. அவள் மனதில் அது ஒன்றுதான் இருந்தது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. வண்டியில் இருக்கிறான். ‘வராதே’ என்று மெசேஜ் அனுப்பினாள். பார்க்கவில்லை. வா என்று கூப்பிட்டவள் அவள்தான்.

பைக் சத்தம் கேட்டது.

ஜன்னலின் உச்சியில் மிச்சமிருந்த இடைவெளியில் ஹெட்லைட் வெளிச்சம் விழுந்தது. “போயிடு ஹரிஷ்! கிட்ட வராத!” தொண்டை கிழியக் கத்தினாள். கூரை இரைச்சல் அதை விழுங்கியது. மம்பட்டி மண்ணில் இறங்கும் சத்தம். சரக். சரக். காப்பு பிடியில் மோதியது. டிங்.

“வித்யா, கதவை விட்டுத் தள்ளி நில்லு,” என்றான். மிக அருகில்.

அவள் கதவை இரண்டு கையாலும் அடித்தாள். போ. போ. மண்ணைத் தாண்டித் தட்டல் மட்டுமே கேட்டு, அவள் பயந்து தட்டுகிறாள் என்றே அவன் நினைத்திருக்க வேண்டும். இன்னும் வேகமாக வெட்டினான்.

சரக்.

பிறகு இல்லை.

மம்பட்டி எதன்மேலோ விழுந்தது. பைக் மட்டும் உறுமிக்கொண்டே நின்றது.

“ஹரிஷ்?”

மழை.

“ஹரிஷ்.”

தப். தப்.

தப்.

சத்தம் இப்போது ஒரே ஆளுடையதாக இல்லை. ஜன்னலின் உச்சியில் விரல் அகலத்துக்கு வெளிச்சம் எஞ்சியிருந்தது. அதில் ஒரு கை வந்தது. அவசரமில்லாமல் சேற்றை வைத்தது. தட்டியது. கண்ணாடியில் காப்பு மோதியது.

டிங்.

வெளிச்சம் பாதியானது. கை உள்ளே போனது. மறுபடி ஒரு பிடி மண்ணோடு வந்தது.

டிங்.