நானூற்றுப் பன்னிரண்டாவது வண்டு

காலை 8.10. பூச்சி அறையின் வலைக்கூண்டுகள் அத்தனையும் காலி. மேசைமேல் ஒரு கண்ணாடிக் குப்பி. அதற்குள் ஸ்பிரிட்டில் மூழ்கிக் கிடந்தன வண்டுகள்.

"ஆகாயத்தாமரையைத் தின்னு தீர்க்கட்டும்னு வெளிநாட்டிலேருந்து வரவழைச்சது," என்றார் ஆய்வு நிலைய இயக்குநர். "பத்து மணிக்கு ஏரியில விடறதா இருந்தோம். எல்லாம் மண்ணாப் போச்சு!"

இன்ஸ்பெக்டர் முழங்காலைத் தடவிக்கொண்டாள். ஓய்வுக்கு இன்னும் ஏழு மாதம். அதற்குள் பூச்சிக் கொலை வேறு.

பூட்டு உடையவில்லை. சாவி இரண்டே பேரிடம்: இயக்குநர், வண்டுகளை வளர்த்த பூச்சியம்மா. ஜன்னல் வலையின் ஓரமெல்லாம் புது டேப். தண்ணீர் போகும் ஓட்டையில் பஞ்சு அடைத்திருந்தது. குப்பியின் சீட்டில் பென்சிலால் '411'. பதிவேட்டில் 412.

8.40. ஏரியில் களையெடுக்கும் மேஸ்திரி வந்தார், முழங்கால் வரை சேறு.

"அண்ணே, வண்டு வந்தா உங்க வேலை போயிடும்ல?"

"போகும். சாவி திருடியாவது மிதிச்சே கொன்னிருப்பேன். பாட்டில்ல போட்டு ஊறுகாயா போடுவேன்?"

8.55. வெள்ளைக் கோட்டோடு பூச்சியம்மா. கண் சிவந்திருந்தது. ஒவ்வோர் அடிக்கும் தரையைப் பார்த்தே காலை வைத்தாள்.

"நேத்து இங்கேருந்து எப்ப கிளம்பினீங்க?"

"அஞ்சு மணிக்கு."

"தூங்கினீங்களா?"

பூச்சியம்மா குனிந்து மேசைக்கடியில் பார்த்தாள்.

"மேஸ்திரியை உள்ள தள்ளுங்க," என்றார் இயக்குநர்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தாள். "வெறுப்புல கொல்றவன் எண்ண மாட்டான் சார். சாவி இருந்தாலும் ஓட்டையை அடைக்க மாட்டான். ஒண்ணுகூட தப்பிக்கக் கூடாதுன்னு பயந்தவங்கதான் இதைச் செஞ்சிருக்காங்க. ஒண்ணு குறையுது. அதைத்தான் இவங்க தரையில தேடறாங்க. என்னம்மா?"

பூச்சியம்மா சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். "போன வாரம் அல்லிக்கொடியை உள்ள வெச்சுப் பார்த்தேன். அதையும் தின்னுச்சு, முட்டையும் போட்டுச்சு. இது ஏரியில இறங்கினா அல்லி மிஞ்சாது, அப்புறம் திரும்பப் பிடிக்கவே முடியாது. மூணு தடவை எழுதிக் கொடுத்தேன் மேடம். தேதி குறிச்சாச்சுன்னு சொன்னார்."

இயக்குநர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்தக் கடிதங்களோட நகல் இருக்கா?"

"இருக்கு."

"கொண்டு வாங்க. முதல்ல அந்தக் கோட்டைக் கழற்றுங்க."

இன்ஸ்பெக்டர் வெள்ளைக் கோட்டின் தையலை மடிப்பு மடிப்பாகத் தடவினாள். இடது கை மடிப்பில் கடுகை விடச் சற்றுப் பெரிதாக ஒன்று நெளிந்தது.

"உயிரோட இருக்கு!" இயக்குநர் ஓடிவந்தார். "கொடுங்க! சினைப் பொட்டையா இருந்தா இது ஒண்ணே போதும், மறுபடி வளர்த்துடலாம்."

"இது வழக்குச் சாட்சி சார். உயிரோட வெச்சுக்க எங்க ஸ்டேஷன்ல கூண்டு கிடையாது." இன்ஸ்பெக்டர் குப்பியின் மூடியைத் திறந்தாள்.

9.30. வழக்கு பதிவாகத்தான் செய்தது. அரசாங்கச் சொத்தை அழித்த குற்றம், வாக்குமூலம். அதோடு மூன்று கடிதங்களையும் இன்ஸ்பெக்டர் பின் போட்டு இணைத்தாள். இனி யாரும் அவற்றை மேசை இழுப்பறைக்குள் தள்ள முடியாது.

ஜீப் கிளம்புவதற்குள் பூச்சியம்மா கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிப் போயிருந்தாள்.

"மெதுவாப் போப்பா," என்றாள் இன்ஸ்பெக்டர் டிரைவரிடம். "ஏரியைச் சுத்தியே போ."