காயாத முத்திரை

சிறை வாசலில் காவலர் பக்குலோட், நெனிதாவின் முன்கையில் ஊதா முத்திரையைக் குத்தினார். பார்வையாளர்கள் வெளியே போக அதுதான் சீட்டு. கையில் முத்திரை இல்லையென்றால் கவர்னரே வந்து நின்றாலும் கதவு திறக்காது.

"காயற வரைக்கும் யாரையும் தொட்டுடாதீங்கம்மா. வேர்வைல ஒட்டிக்கும்."

"நாலு வருஷமா வர்றவளுக்கே பாடமா? சீக்கிரம் விடுங்க சார், பால்குடிப் பிள்ளைய விட்டுட்டு வந்திருக்கேன்" என்று சிரித்தாள் நெனிதா.

சபையிலிருந்து ஏழு பேர் வந்திருந்தார்கள். ஜெபப் புத்தகம், மனு எழுதும் முறை, காசநோய்க் குறிப்பு, விடுதலைக்குப் பின் பிழைக்கும் வழி என்று ஒரு மூட்டைப் புத்தகங்கள். அதை அவளும் ரெமெடியோஸ் அக்காவும் பெண்கள் கொட்டடிக்குத் தூக்கிப் போனார்கள்.

மத்தியான வெயில் தகரக் கூரையில் தகித்தது. ஆனால் கடைக்கோடி மூலையில் மட்டும் ஈரமண் வாடையோடு ஒரு குளிர். அங்கே மஞ்சள் கைதிச் சட்டையில் ஒருத்தி தனியே உட்கார்ந்திருந்தாள்.

"வெளிய போனா எப்படிப் பிழைக்கணும்னு ஒரு புத்தகம் இருக்காமே, எனக்குக் கொடுங்கக்கா."

"பேர் என்னம்மா?"

"சோலேதாத். என்னைப் பார்க்க யாருமே வந்ததில்ல."

நெனிதாவுக்கு மனசு கரைந்துவிட்டது. புத்தகத்தைக் கொடுத்து, வழக்கம்போல் இரு கைகளையும் பற்றி, கண்மூடி ஜெபித்தாள். பற்றிய கைகள் பனிக்கட்டியாய்ச் சில்லிட்டன. விடுவித்துக்கொள்ளப் பார்த்தாள்.

விடவில்லை.

"ஆமென்" என்றது காதோரம் ஒரு குரல். அதில் மூச்சே இல்லை.

கண் திறந்தாள். மூலை காலியாக இருந்தது.

பாய் மடித்துக்கொண்டிருந்த ஒரு கைதி அவளையே வெறித்துப் பார்த்தாள். "யார்கிட்டக்கா பேசினீங்க?"

"சோலேதாத்னு ஒரு பொண்ணு..."

அந்தக் கைதி சிலுவை போட்டுக்கொண்டாள். "ஐயோ, அவ இதே மூலையில செத்தாளே! மறுநாள்தான் விடுதலைத் தாளே வந்துச்சு. ஓடுங்கக்கா!"

நெனிதா கையைப் பார்த்தாள்.

வெறும் தோல்.

வாசலுக்கு ஓடினாள். பக்குலோட் தடியால் கம்பியைத் தட்டினார்.

"ஏய், நில்லு! எந்தக் கொட்டடி நீ?"

"சார், நான் நெனிதா! நீங்கதானே முத்திரை குத்தினீங்க!"

"ஏழு பேர் வந்தாங்க, ஏழு பேரும் போயாச்சு. யாருகிட்ட கதை விடுற?"

அவள் குனிந்து பார்த்தாள். உடம்பில் மஞ்சள் சட்டை.

கம்பிக்கு வெளியே ஜீப் நின்றது. அதில் அவளுடைய நீலச் சட்டையோடு ஒருத்தி, வெயிலுக்குக் கையால் முகத்தை மறைத்து உட்கார்ந்திருந்தாள். அந்தக் கையில் ஊதா முத்திரை.

"அக்கா! ரெமெடியோஸ் அக்கா!"

கூப்பிட்ட குரலுக்கு அக்கா இறங்கி வந்தாள். கண்ணில் இரக்கம் ததும்ப, கம்பி வழியே ஒரு ஜெபப் புத்தகத்தை நீட்டினாள்.

"அழாதம்மா. கர்த்தர் உன்னைக் கைவிட மாட்டார். அடுத்த மாசம் வர்றோம், என்ன?"

"அக்கா, என்னைத் தெரியலையா?"

அக்கா அவள் தலையை வருடிவிட்டுத் திரும்பி நடந்தாள். "நெனிதா, கிளம்பலாமா? பிள்ளை பாலுக்கு அழுதுட்டிருக்கும்."

ஜீப்பிலிருந்து பதில் வந்தது. நெனிதாவின் சொந்தக் குரலில்.

"ஆமாக்கா. சீக்கிரம் போகணும். பிள்ளைய இன்னும் நான் பார்க்கவே இல்ல."