பிள்ளைப் போர்வை காணாமல் போன மத்தியானம்

மணி மூன்றே கால். நின்றிருந்த மின்விசிறி திடீரென்று சுற்ற ஆரம்பித்தபோதுதான் சாமியாத்தாள் கண் விழித்தாள். துணி வெட்டும் கட்டிங் மேசையின் நடுவில் வைத்திருந்த பிள்ளைப் போர்வையைக் காணவில்லை.

அவள் உடனே பதறவில்லை. ஐப்பசித் தூறல், கோழிக் குழம்பு, கரண்ட் இல்லாத மத்தியானம். இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தால் கண்முன் இருப்பதுகூடக் கண்ணுக்குத் தெரியாது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். போர்வையின் மேல் வைத்த மல்லிகைச் சரம் மட்டும் மேசை ஓரத்தில் வாடாமல் கிடந்தது.

"தரணி, எந்திரி கண்ணு. போர்வையக் காணோம்" என்றாள் மெதுவாக.

தரணி பல்லடம் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் சப் இன்ஸ்பெக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தையல்காரி. மங்கலம் ரோட்டில் சாமியாத்தாள் நடத்தும் சின்ன பனியன் யூனிட்டின் மாடியில், மாதம் ஒரு ஞாயிறு ஐந்து பெண்கள் கூடுவார்கள். கட்டிங்கில் மிச்சம் விழும் துண்டுத் துணிகளை இணைத்து ஒட்டுப் போர்வை தைத்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். 2008-ல் திருப்பூரில் ஆர்டர் குறைந்து, கரண்டும் போய்ப் போய் வந்துகொண்டிருந்த காலத்தில் ஐந்து பேருக்கும் இருந்த ஒரே ஆறுதல் அதுதான்.

அவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. போர்வையைக் கொடுப்பவள் மூன்று ஓரம்தான் தைப்பாள். நான்காவது ஓரத்தைத் திறந்தே விட்டு, நூல் கோத்த ஊசி ஒன்றைக் குத்தித் தருவாள். வாங்கியவள் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய், வீட்டுத் துணி ஒன்றை உள்ளே வைத்து மூடித் தைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அது அவளுடைய போர்வை.

அன்று காலையில் சீட்டுப் போட்டு மாற்றிக்கொண்டார்கள். பழனாயி தைத்த கிளிப்பச்சைப் போர்வை சாமியாத்தாளுக்கு வந்தது. பழனாயி அதே யூனிட்டில் தைத்து வரும் பனியன்களைச் செக்கிங் பார்ப்பவள், அதிகம் பேசமாட்டாள். தரணி தைத்தது அனிதாவுக்கு விழுந்தது. அனிதா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். கல்யாணமாகிப் பதினோரு வருடம், பிள்ளை இல்லை. கைத் தையல் சுத்தம், வாய் கொஞ்சம் காரம்.

"ஏனுங் எஸ்.ஐ. அம்மா, இது தையலா, இல்ல செயினப் பறிச்சுட்டு ஓடறவன் போன வழியா?" என்று கேட்டாள்.

எல்லாரும் சிரித்தார்கள். தரணியும்தான் சிரித்தாள்.

ஐந்தாவது ஆள் பிரியங்கா. நிறைமாதம். நான்கு மணிக்குக் கார் வந்ததும் பிரசவத்துக்குக் கணியூரில் அப்பா வீட்டுக்குப் போகிறாள். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. தாய் வீட்டுச் சீராக நாங்கள் செய்கிறோம் என்று நாலு பேரும் சேர்ந்து தைத்ததுதான் அந்தப் பிள்ளைப் போர்வை. பச்சைப் பிள்ளையைப் புதுத்துணியில் கிடத்துவதில்லை அல்லவா? அதனால் அவரவர் வீட்டில் பழகி மெத்தென்று ஆன துணியாகப் பார்த்துக் கொடுத்தார்கள். சாமியாத்தாளின் சேலை, பழனாயி கணவனின் வேட்டி, தரணி ஓட்டப்பந்தயத்தில் போட்ட டீ-ஷர்ட், அனிதாவின் மஞ்சள் துணி. நடுவில் பிரியங்காவின் அம்மா கட்டிய நீலச் சேலையில் கடைசியாக மிச்சமிருந்த துண்டு. அந்த மஞ்சள் எதிலிருந்து வெட்டியது என்று யாரும் அனிதாவைக் கேட்கவில்லை. எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரியிடம் இல்லாத துணியா என்று விட்டுவிட்டார்கள்.

சாப்பிடும்போது பேச்சு பிரசவத்தைச் சுற்றியே போனது. வசம்பு, காப்பு, எண்ணெய்க் குளியல் என்று சாமியாத்தாள் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். "யாரு துணி குடுத்தாலும் கேட்டு வாங்கு அம்மிணி. தங்காத பிள்ளையோட துணிய இன்னொரு பிள்ளை மேல போட்டா ஆகாதும்பாங்க" என்றும் சொன்னாள். அப்புறம் பேச்சு பூண்டுக் குழம்புக்குப் போய்விட்டது. பிரியங்கா இரண்டாம் முறை சோறு கேட்டாள். அனிதா மோருக்கு நிற்காமல் எழுந்து கை கழுவினாள். "வெயிட்டுப் போடுதுங்க" என்றாள்.

இரண்டு மணிக்கு முன்னால் கரண்ட் போனது. ஞாயிறானதால் பக்கத்து யூனிட்டுகளிலும் மெஷின் சத்தம் இல்லை. ஊரே தறியிலிருந்து இறக்கி மடித்து வைத்த மாதிரி அமைதியாகிவிட்டது. ஜன்னலில் தொங்கிய கலர்த்துணிகள் வழியாக வெளிச்சம் பச்சையும் ரோஜாவுமாக உள்ளே இறங்கியது. அவரவர் போர்வையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ஐந்து பேரும் பாயில் சாய்ந்தார்கள். யார் முதலில் தூங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

கீழே ஷட்டர் பூட்டியிருந்தது. சாவி சாமியாத்தாளின் இடுப்பில் இருந்தது. ஜன்னலில் கம்பி.

மணி மூன்றரை. மேசைக்கு அடியில், பீரோவில், வேஸ்ட் மூட்டைகளில் எல்லாம் தேடியாயிற்று. பழனாயி யாரும் கேட்காமலே தன் கட்டைப்பையைத் தலைகீழாகக் கொட்டினாள்.

"நாந்தானுங்க இங்க கூலிக்கு வேலை செய்யறவ. என்ற பைய மொதல்ல பாத்துப்போடுங்க."

அந்தச் சொல் கூடத்தில் எல்லாரையும் அறைந்தது. பிரியங்கா அழ ஆரம்பித்தாள். போர்வை கிடைக்காமல் போனால் அம்மாவின் சேலையும் போயிற்று, இந்தக் கூட்டமும் போயிற்று என்று தரணிக்குப் புரிந்தது. கார் ஏறிய பிறகு ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடுதான் நினைப்பார்கள். அவள் கையைத் தட்டினாள்.

"எல்லாரும் உக்காருங்க. என்ன பாத்தீங்கன்னு நான் கேக்கப் போறதில்ல, தூங்கிட்டீங்க. என்ன கனவு வந்துச்சு, அதச் சொல்லுங்க."

"ஏ கண்ணு, இது விசாரணையா?" என்றாள் சாமியாத்தாள்.

"ஆமாங்க. சொல்லுங்க."

"எங்கம்மா எனக்குச் சடை பின்னற மாதிரி கனவு. இழுத்து இழுத்துப் பின்னுனாங்க. காதுகிட்ட சர்ரு சர்ருன்னு சத்தம். ரொம்ப நேரம்."

"உங்களுக்குப் பக்கத்துல யாரு படுத்திருந்தது?"

"ஒருபக்கம் பழனாயி. இன்னொருபக்கம் அனிதா."

"பிரியங்கா?"

"யாரோ வாய மூடிக்கிட்டு அழுத மாதிரி இருந்துச்சுங்க்கா. என்ற பிள்ளைதான் உள்ளுக்குள்ள அழுகுதோன்னு பயந்துட்டேன். அப்புறம் யாரோ தலையத் தடவுனாங்க. அம்மான்னு நெனச்சேன்."

"பழனாயி?"

"எனக்குக் கனவே வராதுங்க. படுத்த கொஞ்ச நேரத்துல சாரல் அடிச்சுது, எந்திரிச்சு ஜன்னலச் சாத்துனேன். அப்ப போர்வை மேசை மேலதான் இருந்துச்சுங்க."

"அனிதாக்கா?"

"எனக்கா? ஒண்ணுமில்லீங்க. நல்லாத் தூங்கிட்டேன்."

தரணி எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாள். தூறல் விட்டிருந்தது. இழுத்து இழுத்துப் பின்னுவது, சர்ரு சர்ரு என்ற சத்தம். சடை பின்னும்போது அப்படிச் சத்தம் வராது. தடித்த துணியில் நீள நூல் இழுபடும்போதுதான் வரும். ஆக, நாலு பேர் தூங்கும்போது ஒருத்தி தைத்திருக்கிறாள். வீட்டுக்குப் போய்த் தைக்க வேண்டியதை இங்கே எதற்காகத் தைக்க வேண்டும்?

திரும்பி வந்து, அனிதாவின் தலைமாட்டுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் தெச்ச போர்வையக் கொஞ்சம் குடுங்க."

அனிதா கொடுக்கவில்லை. கையை மட்டும் எடுத்துக்கொண்டாள். தரணி போர்வையை இழுத்து மடியில் விரித்தாள்.

"பாருங்க. இந்த ஓரம் கோணல், இந்த ஓரமும் கோணல், இது ரெண்டையும்விட மோசம். நாலாவது ஓரத்தப் பாருங்க, ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி போகுது. எனக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் இப்படி வராது. நான் தெறந்து குடுத்த ஓரம் இது. குத்திக் குடுத்த ஊசியையும் காணோம். அனிதாக்கா, உங்க ஊட்டுத் துணியில எதை உள்ள வெச்சுத் தெச்சீங்க?"

அனிதா போர்வையின் ஓரத்தை எட்டிப் பிடித்தாள்.

தரணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பேக்குல ஒளிச்சிருந்தா தேடிக் கண்டுபுடிச்சிருவோம். போர்வைக்குள்ள போர்வைய யாரு தேடுவாங்க? ஆனா நீங்க திருடலீங்க. ராத்திரியோட பிரிச்சு, ஒரு துண்ட மட்டும் மாத்திட்டு, நாளைக்கே கொண்டாந்து குடுத்திருப்பீங்க. அந்த மஞ்சத் துணி கம்பெனித் துணி இல்லீங்களே. சாப்பாட்டுல சாமியாத்தாளக்கா அந்தப் பேச்சப் பேசுனதும்தான நீங்க எந்திரிச்சீங்க?"

அனிதா பிடியை விட்டாள்.

"ஒரு வாரங்கூட இருக்கலீங்க" என்றாள் அனிதா. வாயின் காரமெல்லாம் போய்விட்டிருந்தது. "தொண்ணூத்தெட்டுல. என்ற பையன் ஆஸ்பத்திரியிலயே போயிட்டான். இந்த ஊருக்கு வாரதுக்கு முந்தி நடந்தது, இங்க யாருக்கும் சொல்லல. அவனுக்குன்னு இருந்தது அந்த ஒரு மஞ்சச் சட்டைதான். பொட்டிக்குள்ளயே கெடக்குதே, ஒரு பிள்ளை மேல படட்டுமேன்னு குடுத்துட்டேன். அப்புறம் அக்கா அப்படிச் சொன்னதும்..." பிரியங்காவைப் பார்த்தாள். "உன்ற பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன் கண்ணு?"

சாமியாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்ற வாயி. என்ற பாழாப்போன வாயி" என்றாள்.

அனிதா பழனாயியின் பக்கம் திரும்பினாள். "நீ பையக் கொட்டும்போதே நான் சொல்லியிருக்கோணும். நாக்கு எந்திரிக்கல. மன்னிச்சுக்க."

"உடுங்க" என்றாள் பழனாயி. கொட்டியதையெல்லாம் எடுத்து மறுபடி பைக்குள் வைத்தாள்.

தரணி அந்த நேரான தையலைப் பிரித்தாள். பிரிக்கவே மனம் வராத அளவுக்கு அழகான தையல் அது. உள்ளேயிருந்து பிள்ளைப் போர்வை கதகதப்பாக வெளியே வந்தது. அனிதா கத்தரியை எடுத்து மஞ்சள் துண்டின் பக்கம் கொண்டுபோனாள். பிரியங்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மாவுந்தான் போயிட்டாங்க. அவங்க சேலை நடுவுல இருக்குது. போனவங்க துணி ஆகாதுன்னா அதையும்தான் வெட்டோணும். வெட்டுவீங்களா?"

"அது வேற கண்ணு."

"எனக்கு வேற இல்லீங்க. அந்தப் பையன் எங்கம்மா சேலைக்குப் பக்கத்துலயே இருக்கட்டும். எங்கம்மா பாத்துக்குவாங்க."

கீழே கார் வந்து ஹாரன் அடித்தது. பிள்ளைப் போர்வைக்கும் நான்காவது ஓரம் திறந்துதான் இருந்தது. பிரியங்கா தன் துப்பட்டாவின் நுனியில் ஒரு துண்டை வெட்டி உள்ளே வைத்தாள். ஊசியை அனிதாவின் கையில் கொடுத்தாள்.

"நீங்களே தெச்சுக் குடுங்க. கார் நிக்கட்டும்."

"வாங்குனவதான் தெக்கோணும். அதான் வழக்கம்."

"வழக்கத்த இன்னிக்குத்தான் நீங்க மீறிட்டீங்களே" என்றாள் பிரியங்கா. அழுகையோடு சிரித்தாள்.

அனிதா தைத்தாள். மற்ற நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணிலிருந்து வழிந்ததை யாரும் துடைக்கப் போகவில்லை. அனிதாவின் தையல் அன்று கோணல்மாணலாகத்தான் போனது. தரணி அதைப் பார்த்துக்கொண்டே அடுத்த நூலை வெட்டி நீட்டினாள்.