அறுபட்ட நிலைப்படிகள்

"யாரக் கேட்டு அறுத்தே? சொல்லு! எங்கய்யன் வெச்ச நெலப்படிய யாரக் கேட்டு..."

"ஏனுங்க, மெதுவாப் பேசுங்க. ஆசாரி வெளிய நிக்கறாரு..."

"நிக்கட்டும்! கருமத்தம்பட்டியே வந்து நிக்கட்டும்! ஆறுச்சாமி பொண்டாட்டி ஊட்டு வாசப்படிய ரம்பம் போட்டு அறுத்துப்போட்டாள்னு எல்லாரும் பாக்கட்டும்!"

"நான்தானுங்க அறுக்கச் சொன்னேன். அவரு மேல கோவப்படாதீங்க."

ஒன்றல்ல, ஐந்து. ஐந்து தேக்கு நிலைகளிலும் கீழ்க்கட்டையைக் காணோம். தரை வழவழவென்று வாசலிலிருந்து உள்ளே ஒரே மட்டமாக ஓடியது.

மகன் மிதுனின் மனைவி கனிஷ்கா கட்டடம் வரையப் படித்தவள். பழைய தொட்டிக்கட்டு வீட்டின் நான்கு தூண்களையும் முற்றத்தையும் நடுவில் அப்படியே நிறுத்தி, சுற்றிலும் கான்கிரீட்டும் ஆளுயரக் கண்ணாடியுமாக அவள்தான் புது வீட்டை வரைந்தாள். தன் அப்பா வைத்த தூணும் நிலையும் அதே இடத்துக்கு வரும் என்ற வாக்கின் பேரில்தான் ஆறுச்சாமி பழைய வீட்டைப் பிரிக்கச் சம்மதித்தார். கால் புண்ணால் ஒரு மாதமாக இந்தப் பக்கமே வரவில்லை. பால் காய்ச்ச இன்னும் எட்டு நாள். வெள்ளிக்கிழமை காலையில் விந்தி விந்தி வந்தவர் கண்ணில் பட்டது இதுதான்!

"எங்கம்மா வெள்ளி தவறாம மஞ்சப் பூசுன படி! லச்சுமி உக்கார்ற எடம்! ஓட்டலாட்ட தரை வேணுமா உனக்கு? ஓலச் சாளையில பொறந்தவளுக்கு நெலப்படியோட அருமை எப்பிடித் தெரியும்?"

ராசாத்தாள் தலை குனிந்தாள். "தெரியாதுங்க. என்ற தப்புத்தான். உட்ருங்க."

அந்தப் பணிவுதான் அவரை இன்னும் கொளுத்தியது. சுவரோரம் சாய்ந்திருந்த கடப்பாரையைத் தூக்கினார்.

"அய்யோ மாமா!" கனிஷ்கா உள்ளிருந்து ஓடிவந்தாள்.

முதல் வீச்சில் முற்றத்துக் கண்ணாடி முழுசும் சரிந்தது. இரண்டாவது வீச்சில் அடுத்தது. சில்லுகள் தூணில் பட்டுத் தெறித்தன. ஆசாரி உளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார், கிட்டே வரத் துணியவில்லை.

"எல்லாம் இந்தப் படிச்ச அம்மணியோட வேல! எனக்குத் தெரியும்!" கடப்பாரை கனிஷ்காவின் பக்கம் திரும்பியது.

ராசாத்தாள் குறுக்கே பாய்ந்தாள். "சின்னப்புள்ளைங்க அவ! என்னைய அடிங்க!"

அடித்தார். கடப்பாரை தோளில் இறங்கியது. கூந்தலைப் பிடித்துத் தள்ளியதில் நெற்றி தேக்குத் தூணில் மோதிப் பிளந்தது. இரத்தம் புருவத்தில் வழிந்து சேலையில் சொட்டியது. அப்போதும் மருமகளை மறைத்தே நின்றாள்.

கனிஷ்காதான் அலறினாள். "போதும் அத்தை! சத்தியமாவது ஒண்ணாவது! நான் சொல்லிருவேன்!"

"அம்மணி, வேண்டாங் கண்ணு..."

"மாமா, படிய அறுத்தது உங்களுக்காகத்தானுங்க! போன மாசம் ஆஸ்பத்திரில கால் நரம்ப ஸ்கேன் எடுத்தாங்கல்ல? அது செருப்புக் கடிச்ச புண்ணு இல்லீங்க. ரத்தம் கீழ எறங்கறதே இல்ல. இந்த மாசக் கடைசிக்குள்ள முட்டிக்குக் கீழ எடுத்தே ஆகோணுமாம்!"

"ஏ... என்ன சொல்றே?"

"அங்க கால் எடுத்த ஒருத்தரப் பாத்து, எனக்கு இப்பிடின்னா தோட்டத்துக் கெணத்துல உழுந்துருவேன்னு டாக்டர் ரூம் வாசல்லயே கத்துனீங்க. அத்தை நடுங்கிப் போயிட்டாங்க. பால் காச்சட்டும், புது ஊட்ட ஒருக்கா நடந்து பாக்கட்டும், அப்பறம் நானே சொல்றேன்னு எங்கிட்டயும் மிதுன் கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாங்க. சக்கர நாற்காலிக்குப் படி தடுக்குமுங்களே! நீங்க ஒவ்வொரு வாசல்லயும் ஆளக் கூப்புட்டுக் காத்துக் கெடக்கக் கூடாதுன்னு..."

ஆறுச்சாமியின் கையிலிருந்து கடப்பாரை நழுவியது.

"அறுத்த கட்டை?"

"வாங்க, காட்டறேன்."

சாமி அறையில் ஐந்து கட்டைகளும் ஒன்றாகச் சேர்ந்து பீடமாகியிருந்தன. அன்று காலைதான் பூசிய மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது.

"ஆசாரி அறுக்கறப்ப ஒவ்வொண்ணையும் மடியில வாங்கி வெச்சு அழுதாங்க மாமா."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டே முற்றத்துக்குத் திரும்பினார். ராசாத்தாள் குழாயடியில் நெற்றியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ராசாத்தா... தெரியாமக் கை நீட்டிப்போட்டேன்..."

"கை நீட்டுனது புதுசில்லீங்க." அவள் திரும்பாமலே சொன்னாள். "மருமவ முன்னால நீட்டுனதுதான் புதுசு. ஆபரேசனுக்கு மிதுன் தேதி வாங்கியிருக்கறான். மறுக்காமப் போய்ப்போடுங்க."

சேலைத் தலைப்பைக் கிழித்து நெற்றியில் கட்டினாள். கண்ணாடிச் சில்லுகளை ஒதுங்கித் தாண்டி வெளிக்கதவை நோக்கி நடந்தாள்.

கனிஷ்கா அழுதுகொண்டே வரைபடத்தை அவர் முன் விரித்தாள். தென்மேற்கு மூலை அறை அவருடையது. அகலமான கதவு. சுவரில் கைப்பிடி. நாற்காலி திரும்ப ஒரு வட்டம். பக்கத்தில் கட்டில். அவர் விரல் மற்ற அறைகளையெல்லாம் தடவிப் போயிற்று. மிதுன் அறை, விருந்தாளி அறை... ஒவ்வொன்றாகத் தேடிவிட்டு மறுபடி தன் அறைக்கே வந்து நின்றது. நிமிர்ந்தார். ராசாத்தாள் வெளிக்கதவை எட்டியிருந்தாள்.

"ராசாத்தா! என்ற ரூம்புல ஒத்தக் கட்டலுதான போட்டிருக்குது... உன்ற கட்டலு எங்க புள்ள?"