அண்ணியை எழுப்பிக் கேட்டிருந்தால்...

“அண்ணீ...!”

அந்த அலறலில் தொட்டில் குழந்தை விழித்துக்கொண்டது.

கட்டிலில் அண்ணி. முகம் வீங்கி, உதடு நீலம் பாய்ந்து... உயிர் போயிருந்தது!

அலறியவள் நாத்தனார். பிரசவம் பார்க்கும் நர்ஸ். மருந்து எழுதும் பயிற்சியை முடித்து, அதற்கான அனுமதியும் பெற்று, டாக்டர் கையெழுத்தில்லாமல் அவள் எழுதிய முதல் மாத்திரையே அண்ணியைக் கொன்றிருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார்.

“என்ன மாத்திரைம்மா?”

“பென்சிலின் வகை சார். பால் கட்டி, மார்புல சீழ் வச்சு, நெருப்பா காய்ச்சல். அதுக்கு அதான் கொடுக்கணும்.”

“ஒத்துக்குமான்னு கேட்டீங்களா?”

“கேட்டேன். அண்ணி அசந்து தூங்கினாங்க. அண்ணன்தான், ‘எல்லா மருந்தும் ஒத்துக்கும்’னார்.”

தலையில் அடித்துக்கொண்டாள்.

“நோயாளியையே கேளு, பக்கத்துல நிக்கறவங்களை நம்பாதேன்னு பயிற்சியில படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க சார்! பாவம், தூங்கட்டும்னு எழுதிக் கொடுத்துட்டு என் வீட்டுக்குப் போயிட்டேன். நானே கொன்னுட்டேன்...!”

சுவரோரம் அண்ணன் விசும்பினான்.

“விட்டுடுங்க சார். தெரியாம செஞ்சுட்டா. தங்கச்சி மேல எனக்குப் புகாரே இல்லை.”

அவள் அவன் காலில் விழுந்து கதறினாள்.

அப்போது ஓடி வந்தாள் செத்தவளின் அம்மா. மருந்தின் பெயரைக் கேட்டதும் உறைந்தாள்.

“மாப்பிள்ளே! போன வருஷம் பல்வலிக்கு இதைச் சாப்பிட்டு அவளுக்கு மூச்சே நின்னுச்சே! நீங்கதானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினீங்க? இனி தொடவே கூடாதுன்னு டாக்டர் உங்ககிட்டதானே சொன்னார்!”

“ம... மறந்துட்டேன் அத்தை...”

மேஜையில் அவன் செல்போன் அலறியது. அவன் பாய்வதற்குள் இன்ஸ்பெக்டர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

ஒரு பெண் குரல். கொஞ்சலாய்...

“என்னங்க, முடிஞ்சுதா? இனிமே நாம ஒளிஞ்சு ஒளிஞ்சு பார்க்க வேணாம்ல?”

இன்ஸ்பெக்டர் அண்ணன் பக்கம் திரும்பினார்.

தங்கை மெல்ல எழுந்தாள்.

“காய்ச்சல் மயக்கத்துல நீதான் விழுங்க வச்சியா? மூச்சுத் திணறினப்பவாவது கூப்பிட்டிருக்கலாமே அண்ணா. ரெண்டு தெரு தள்ளித்தானே இருந்தேன். ஒரு ஊசியில பொழைச்சிருப்பாங்களே...”

அவன் தலை குனிந்தான்.

“அவங்களைக் கொல்ல என் கைதான் கிடைச்சுதா?”

குழந்தை பசியில் வீறிட்டது. தங்கை வாரியெடுத்தாள். அது அவள் மார்பில் முட்டி முட்டித் தேடியது. கொடுக்க அவளிடம் கண்ணீர்தான் இருந்தது.

அண்ணன் கையில் விலங்கு மாட்டப்பட்டது.

“சார்... மாத்திரை எழுதினது அவதானே?” முனகினான்.

“உனக்கு எழுதப்போறது நான்தான்டா!” என்றார் இன்ஸ்பெக்டர். “மூணு வேளை ஜெயில் சாப்பாடு... ஆயுசுக்கும்!”