வடித்த தண்ணீர்

செம்பின் வாயில் மேனுகா கட்டிவைத்த வெள்ளைத் துணி நடுவில் குழிந்திருந்தது. எறும்பு விழாமலிருக்கக் காலையில்தான் விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தாள். மகள் விதுர்ஷா செத்து இன்று பதினாறாம் நாள். முப்பத்தோராம் நாள்வரை செத்தவருக்கு மூலையில் தண்ணீர் வைப்பார்கள். அவிழ்த்துப் பார்த்தாள். பாதிதான் இருந்தது.

"வெக்கைக்கு வத்தியிரிக்கும். அதையே பாத்துக்கிட்டு இரிக்காத," என்றான் கணவன் சுதாகரன். இரண்டு கேன்களோடு, பவுசர் வண்டி கொண்டுவரும் தண்ணீரைப் பிடிக்கத் தெருவுக்குப் போனான். குருக்கள்மடத்தில் அவர்களுக்கு ஒதுங்க இடம் கிடைத்த இந்த வீட்டின் கிணறு, சுனாமியோடு உவர்த்துப் போயிருந்தது.

செம்பை நிரப்பித் துணியைக் கட்டிவிட்டு மேனுகா சுவரோடு சாய்ந்தாள். பட்டப்பகல். ஆனாலும் அறையில் வாவிச் சேற்று நாற்றம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது, அந்த மூன்று நாளும் அவள் மூக்கில் இருந்த அதே நாற்றம்.

கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஷெல் விழுந்தபோது பிள்ளையோடு உப்பு வாவிக் கரையோரம், சேற்றில் வேரூன்றி நிற்கும் கண்டல் காட்டுக்குள் பதுங்கினாள். தோணி தேடிப் போன சுதாகரனைக் காணவில்லை. பிள்ளைக்குத் தண்ணீர் விடாய். காடுமேடெல்லாம் அலையும் வெள்ளைக்காரன் ஒருவன், கடல்தண்ணீரைச் சட்டைத் துணியில் கரிபோட்டு வடித்து, மடக்கு மடக்கென்று குடித்துச் சிரித்ததை அவள் டிவியில் பார்த்திருந்தாள். டிவியில் காட்டுகிறவன் பொய்யா சொல்லப்போகிறான்? தன் நீலச் சேலையைக் கிழித்தாள். எரிந்த கட்டையின் கரியைப் போட்டு வாவித் தண்ணீரை வடித்தாள்.

"உப்பம்மா."

"வடிச்சது மகள். ஒண்டும் செய்யாது. கொஞ்சம் கொஞ்சமாக் குடிங்க, பழகிரும்."

குடிக்கக் குடிக்க விடாய் கூடியது. மூன்றாம் நாள் பிள்ளை பேசவில்லை. அன்று பின்னேரம்தான் சுதாகரன் தோணியோடு வந்தான்.

"துணி உப்ப வடிக்காது தங்கச்சி," என்று ஆஸ்பத்திரித் தாதி பிறகு சொன்னாள். அதை மேனுகா சுதாகரனிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? பெற்ற கையாலேயே ஊட்டிக் கொன்றாளே, பாவி. அந்த நீலத் துணியைப் பிள்ளையின் கைக்குள் வைத்தே புதைத்தார்கள்.

மடக்.

மேனுகா நிமிர்ந்தாள்.

மடக். மடக்.

மூலையில்தான். செம்பின் துணி உள்ளே இழுபட்டது. மேலே எழுந்தது. மறுபடியும் இழுபட்டது. விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அந்தத் துணி வெள்ளை இல்லை. நீலம். நடுவில் கரிக்கறை.

சுதாகரனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உமிழ்நீர் ஒரு துளி இல்லை. தொண்டை எரிந்தது. இப்படியொரு விடாயை அவள் அறிந்ததில்லை.

பிள்ளைக்கு இப்படித்தான் இருந்திருக்கும்.

செம்பு தரையில் உராய்ந்து நகர்ந்து வந்தது. தளும்பத் தளும்ப நிரம்பியிருந்தது.

"அம்மா, விடாய்க்கிதா?"

மேனுகா சுவரோடு ஒடுங்கினாள்.

"வடிச்சது அம்மா. ஒண்டும் செய்யாது."

நகக்கண்ணெல்லாம் சேறு படிந்த இரண்டு சின்னக் கைகள் செம்பைத் தூக்கி, ஈரமான நீலத் துணியோடு அவள் உதட்டில் வைத்து அழுத்தின.

"கொஞ்சம் கொஞ்சமாக் குடிங்க. பழகிரும்."